கை நனைக்காத ஞாயித்துக்கிழமை

குழந்தையம்மாளுக்கு எதையும் உள்பக்கம் திருப்பிப் பாக்காம நம்பற பழக்கம் கெடையாது. அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனியில இருவத்திரண்டு வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கிறா. தச்சு வர்ற பனியன மேலாப்புல பாத்துட்டு "நல்லாத்தான இருக்குது"ன்னு தள்ளிவிடற பொம்பளைங்களக் கண்டா அவளுக்கு ஆகாது. "மேல பாத்தா எல்லாந்தான் நல்லா இருக்கும், உள்ள திருப்புங்கடி"ம்பா. திருப்பினாத்தான தெரியும், எங்க தையல் விட்டிருக்குது, எங்க ஊசி ஓட்டை போட்டிருக்குது, எங்க மெசின் எண்ணெய் பட்டிருக்குதுன்னு. கோளாறு இருக்கற எடத்துல துளியூண்டு செவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர். அம்பு காட்டற எடத்தச் சரி பண்ணினதுக்கப்பறந்தான் அதப் பிச்சுப் போடலாம். அதுக்கு முன்னாடி பிச்சவ கதி அதோகதி.

கம்பெனியோட நின்னாப் பரவால்ல. தக்காளியத் திருப்பிப் பாப்பா. கல்யாணப் பத்திரிகையத் திருப்பி எந்த பிரஸ்ல அடிச்சதுன்னு பாப்பா. புருசன் கந்தவேலு காரணமில்லாமச் சிரிச்சா, சட்டப்பையத் தடவிப் பாப்பா. அந்தப் பையில எப்பவும் ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கும். அவரு அதே கம்பெனியில தையல் மெசின் மெக்கானிக்கு. வாயத் தொறக்காம மூணு நாளு இருப்பாரு, அந்த ஸ்க்ரூ டிரைவர் இல்லாம மூணு நிமிசம் இருக்கமாட்டாரு.

இப்பேர்ப்பட்டவகிட்டத்தான் மக சித்ரகலா ஒருநாள் தட்டுல சோத்த அளைஞ்சுக்கிட்டே, "ம்மா, தூத்துக்குடியில ஒருத்தரு இருக்காருங்"ன்னு ஆரம்பிச்சா.

சித்ரகலாவும் பன்னெண்டாவது லீவுல அம்மா பக்கத்துல நின்னு செக்கிங் பண்ணினவதான். அப்பறம் காலேஜ் முடிச்சு, இப்ப ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசுல சரக்கனுப்பற பேப்பரெல்லாம் பாக்கறா. இங்கிருந்து போற பெட்டிய தூத்துக்குடி ஹார்பர்ல கப்பலேத்தி விடற கம்பெனியில வேலை பாக்கறவன் ஜெயபாண்டி. "கன்டெய்னர் கேட்டுக்குள்ள போயிருச்சுங்களா?"ன்னு இவ தெனமும் போன் பண்ண, "போயிட்டு மேடம்"னு அவன் சொல்ல, ரெண்டு வருசத்துல மேடம் போயி கலாவாகி நின்னிருக்குது.

"போன்லயே வந்ததாக்கும்?" குழந்தையம்மா கேட்டா. "நீ அந்த ஊருக்குப் போயிருக்கறயா?"

"இல்லீம்மா."

அந்த 'இல்லீம்மா' கொஞ்சம் சீக்கிரமா வந்துருச்சு. குழந்தையம்மா அதக் காதுல வாங்கி ஓரமா மடிச்சு வச்சுக்கிட்டா.

பையன் ஒருக்கா வந்துட்டுப் போனான். கையக் கட்டி உக்காந்தான், டம்ளர அவனே எடுத்துட்டுப் போயி கழுவற எடத்துல வச்சான். கந்தவேலுக்குப் புடிச்சுப் போச்சு. "நல்ல பையன்தான்"னாரு.

"மேல நல்லாத்தான் இருக்குது. ஊடு பாக்கணும்"னா இவ.

ஊடு பாக்கறதுன்னா சும்மா இல்ல. பொண்ணு ஊட்டுக்காரங்க போயி, மாப்பிள்ள ஊட்டச் சுத்திப் பாத்து, மனசுக்கு ஒப்பினாத்தான் அங்க கை நனைப்பாங்க. எலையில உக்காந்துட்டா சம்மதம்னு அர்த்தம். ஒப்பலீன்னா பச்சத்தண்ணி கூட வாங்காம எந்திரிச்சு வந்தரணும். குழந்தையம்மாளோட அப்பனும் அப்பிடித்தான் பல்லடத்துப் பக்கம் கந்தவேலு ஊட்டப் பாக்கப் போனாரு. கெணத்துல தண்ணி இருக்குதான்னு எட்டிப் பாத்தாரு, எருமையத் தட்டிப் பாத்தாரு, பாயசத்தக் குடிச்சுட்டு வந்துட்டாரு. அவரு பாக்காம வந்தது என்னன்னு, கட்டிட்டுப் போன மறுநாள் காலையிலதான் இவளுக்குத் தெரிஞ்சுது. அத இன்னைக்கு வரைக்கும் மனசுக்குள்ள திட்டிட்டுத்தான் இருக்கறா. அதனால, "நானே வருவேன். ஆம்பளைங்களா போயி வடை தின்னுட்டு வர்ற வேலையெல்லாம் இங்க வேண்டாம்"னுட்டா.

ஞாயித்துக்கிழமை விடியால நாலு மணிக்கு, பக்கத்துத் தெரு கலீல் வாடகைக் கார் எடுத்துட்டு வந்தான். புளிசோறு ஒரு தூக்கு, தண்ணி ரெண்டு கேன். "ஏனுங்க்கா, போற எடத்துல சோறு போடமாட்டாங்களா?"ன்னு கலீல் கேட்டான்.

"போடுவாங்க. திங்கறமா இல்லையாங்கறத நாம முடிவு பண்ணணுமில்ல."

பத்து மணிக்குத் தூத்துக்குடி எல்லையில போயிச் சேந்தாங்க. கலீல் வண்டிய ஸ்லோ பண்ணி ரெண்டு பக்கமும் பாத்தான். பின்னாடி உக்காந்து போன் நோண்டிட்டு இருந்த சித்ரகலா, தலைய நிமுத்தாமயே "பாலத்துக்குக் கீழ லெஃப்ட்டுங்ணா"ன்னா.

குழந்தையம்மா திரும்பிப் பாத்தா.

"மேப்ல போட்டிருக்குதும்மா."

போன்ல என்ன ஓடிட்டிருந்துதுன்னு குழந்தையம்மாளுக்குக் கண்ணு தெரியாமயா போச்சு? மேப்பு ஒண்ணுமில்ல. யாரோ கோலமாவுல மயில் வரைஞ்சுட்டு இருந்தாங்க.

ஜெயபாண்டி பைக்கோட ரோட்டு முக்குல நின்னுட்டிருந்தான். புதுச்சட்டை, நெத்தி நெறைய வேர்வை. "வாங்கத்த, வாங்க மாமா. நேரே பனிமய மாதா கோயிலுக்குப் போயிருவோம். இந்த ஊருக்கு வாறவுக மொதல்ல அதத்தான் பாப்பாக."

"ஊடு எங்கீங் தம்பி?"

"வீடு எங்கத்த போயிரப் போவுது? இம்புட்டு தூரம் வந்துட்டு ஊரச் சுத்திப் பாக்காண்டாமா?"

ஊடு எங்க போயிரும்னு கேட்டான் பாரு, அதுதான் அவளுக்குச் சுருக்குன்னுச்சு. ஊடு போகும். பொங்கலூர்ல அவ அக்கா மகளுக்குப் பாத்த ஊடு அப்பிடித்தான் போச்சு. மாடி வச்ச ஊடு, கூடம் நெறைய டைல்சு. கல்யாணம் முடிஞ்சு போனா, அது பக்கத்து ஊட்டுக்காரனுது. சாவி ஒருநாளைக்கு வாங்கிக் காட்டியிருக்கறாங்க. இவனும் எவங்கிட்டயாவது சாவி கேட்டு நின்னுட்டிருக்கறானோ என்னமோ.

கோயிலு அழகாத்தான் இருந்துது. வெள்ளைவெளேர்னு, அண்ணாந்து பாத்தாக் கழுத்து வலிக்கற ஒசரத்துல. கந்தவேலு கையெடுத்துக் கும்பிட்டாரு. சில வருசத்துக்கு ஒருக்கா கொண்டாட்டத்தப்ப மாதா தங்கத்தேர்ல வருவாங்கன்னு ஜெயபாண்டி சொல்லிட்டே இருந்தான். குழந்தையம்மா கும்பிட்டுக்கிட்டே ஒரு கண்ண மக மேல வச்சிருந்தா. கால் கழுவற கொழாய் எங்க இருக்குதுன்னு யாரையும் கேக்காம நேராப் போயி கால் கழுவிட்டு வந்தா சித்ரகலா.

அங்கிருந்து ஒரு பேக்கரி. முந்திரியும் முட்டை வெள்ளையும் அடிச்சு, கோபுரமாட்டப் பிழிஞ்சு வச்ச மக்ரூன். "தூத்துக்குடி வந்துட்டு இதத் திங்காமப் போனா வந்ததா கணக்கே கெடையாதுத்த"ன்னு அட்டைப்பெட்டிய நீட்டினான். கந்தவேலோட கை முன்னால போச்சு. குழந்தையம்மா பாத்த பார்வையில அது நேரா ஸ்க்ரூ டிரைவர் இருந்த சட்டப்பைக்குப் போயிருச்சு.

"இருக்கட்டுங் தம்பி. ஊடு பாக்காம எதும் வாங்கறதில்லீங்."

அப்ப அவனுக்கு ஒரு போன் வந்துது. தள்ளிப் போயி நின்னு, வாயப் பொத்திக்கிட்டுப் பேசினான். கடைச் சத்தத்துலயும் இவளுக்கு ஒரு வார்த்த வந்து விழுந்துருச்சு: "இன்னும் காயலையா?"

என்னது காயல? துணி காயலீன்னா இந்தப் பதட்டமா படுவான்?

அடுத்து ஹார்பர். கேட் பக்கத்துல வண்டிய ஓரங்கட்டச் சொன்னான். "உள்ள போக பாஸ் வேணும்த்த, வெளிய இருந்துதான் பாக்கணும்."

"நீங்க உள்ளதானுங்க வேலை பாக்கறீங்க?"

"எனக்குப் பாஸ் இருக்குத்த. உங்களுக்கு இல்லேல்லா."

இருக்கற பாஸக் காட்டச் சொன்னா. அவன் கழுத்துல தொங்கறத எடுத்துக் காட்டினான். போட்டோவையும் மூஞ்சியவும் ஒப்பிட்டுப் பாத்தா. பின்பக்கம் திருப்பியும் பாத்தா. கந்தவேலு வேற பக்கம் பாத்துட்டு நின்னாரு.

கம்பிக்கு அந்தால, செவப்பும் நீலமுமா பெட்டி பெட்டியா அடுக்கியிருந்துது. ஒரு கிரேன் ஒரு பெட்டியத் தீப்பெட்டியாட்டத் தூக்கிச்சு. "உங்க ஊரு பனியன் இப்பிடித்தான்த்த கப்பலேறுது. நீங்க பாத்து விட்டதும் அதுல கெடக்கும்"னான். குழந்தையம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாத்தா. இருவத்திரண்டு வருசம். டேபிள விட்டுப் போன பீசு எங்க போகுதுன்னு அவ பாத்ததில்ல. அப்பறம், "பூட்டி வச்சிருக்கறாங்க, உள்ள என்ன இருக்குதுன்னு யாரு கண்டா"ன்னுட்டு வண்டியில ஏறிட்டா.

முயல் தீவுன்னு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். தீவுன்னா படகுல போகணும்னு நெனச்சுப் பயந்துட்டிருந்தா. தார் ரோட்டுலயே கார் போயிருச்சு.

"தீவுன்னீங்க?"

"தீவுதான்த்த. ரோடு போட்டுட்டாக."

"மொசல் எங்கீங்?"

"மொசலு... பேருதான்த்த."

ரோடு இருக்குது, மொசல் இல்ல. இவன் சொல்றதுல எத நம்பறது? மரத்தடியில தூக்குவாளியத் தொறந்து புளிசோத்தப் போட்டா. நாலு பேரும் கடலப் பாத்துக்கிட்டே தின்னாங்க. ஜெயபாண்டிக்கும் ஒரு தட்டு குடுத்தா. பையன் ஊட்டுச் சோத்தத்தான் தொடக்கூடாது, பையனுக்குப் போடறதுல என்ன வந்துது. அவன் வழிச்சுத் தின்னான். தின்னுட்டு, "லைட் ஹவுஸ் சாயங்காலந்தான் தொறப்பாக. இருந்து பாத்துட்டே போயிருவோமே?"ன்னான்.

அதுக்கு மேல குழந்தையம்மாளுக்குத் தாங்கல. "தம்பி, நான் லைட் பாக்க வல்லீங். ஊடு பாக்க வந்தனுங். இப்பக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல கலீல ஊருக்கு வண்டியத் திருப்பச் சொல்லட்டுங்களா?"

அவன் சித்ரகலாவப் பாத்தான். சித்ரகலா கடலப் பாத்தா.

போற வழியில ரெண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையா குமிச்சு வச்சிருந்துது. அத எறங்கிக் காட்டறேன்னு கூட அவன் சொல்லல.

ஊடு ஒரு சந்துக்குள்ள. ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு, மேல தார்சு. வாசல்ல அவங்கம்மா மூக்கம்மாள் நின்னுட்டிருந்தாங்க. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல ஆக்கிப்போடற அம்மா. கையெல்லாம் தழும்பு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "வாங்க மதினி, வாங்கண்ணே. வெயில்ல அலைஞ்சு வந்திருக்கிய, மொதல்ல தண்ணியக் குடிங்க."

அதுக்குள்ள மதினியாமா. "இருக்கட்டுங். பாத்துட்டுக் குடிக்கறமுங்"னா குழந்தையம்மா.

வாசக்கால் நெலவு கொஞ்சம் தாழ்வு. முன்னாடி போன கந்தவேலு 'டங்'குன்னு தலைய இடிச்சுக்கிட்டாரு. கலீல் "அல்லா!"ன்னான். சித்ரகலா பின்னாடியே, போன்ல என்னத்தையோ தட்டிக்கிட்டே வந்தா. நெலவுகிட்ட வந்ததும் கண்ண எடுக்காமயே தலையக் குனிஞ்சு உள்ள போயிட்டா.

குழந்தையம்மா வாசல்லயே நின்னுட்டா. குனியற எடம் தெரியணும்னா ஒருக்காவாச்சும் இடிச்சிருக்கணும்.

உள்ள போயி செவுத்துல கைய வச்சா. எடுத்தா உள்ளங்கை நீலமா இருந்துது.

"ஏனுங், இப்பத்தான் அடிச்சீங்களா?"

மூக்கம்மா முந்தானையக் கசக்கினாங்க. "வெள்ளிக்கெழமையே முடிச்சிரலாம்னுதான் பாத்தோம் மதினி. பெயிண்டுக்காரன் இன்னைக்குக் காலையிலதான் வந்தான். காயட்டும்னுதான்..."

"அதுக்குத்தான் மொசல் இல்லாத தீவ எங்களுக்குக் காட்டினீங்களாக்கும். சரிங். கரண்ட்டு அட்டை இருக்குதுங்களா?"

"ஏய், என்ன கேக்கற நீயி"ன்னாரு கந்தவேலு. அன்னைக்கு அவரு பேசின மொத வார்த்த.

"ஊடு யாருதுன்னு அதுலதானுங்க எழுதியிருக்கும்."

மூக்கம்மா சாமி படத்துக்குப் பின்னாடியிருந்து அட்டைய எடுத்துக் குடுத்தாங்க. குருசாமின்னு போட்டிருந்துது. செவுத்துல மாலை போட்டிருந்த படத்துக்குக் கீழயும் குருசாமிதான். புருசன் போயி ஆறு வருசமாச்சாம். அட்டையத் திருப்பிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா. ஊடு இவங்களுதுதான். அப்ப இன்னும் எத மறைக்கறாங்க? அடுப்பு, பாத்திரம், பீரோ, தண்ணித்தொட்டி, ஒண்ணொண்ணாப் பாத்தா. புதுசா மாத்தின சுவிட்சு, புதுசாப் பூசின சிமெண்டு. எங்க பாத்தாலும் பளிச்சுன்னு ஒட்டுப்போட்ட கணக்கா.

"கொல்லப்பக்கம் பாத்ரூம் எங்கீங்?"

மூக்கம்மாவும் ஜெயபாண்டியும் சித்ரகலாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "நேரே பின்னாடி, மதினி"ன்னாங்க மூக்கம்மா, சத்தமே வராம.

உள்ள போயிக் கதவச் சாத்தினா. சாத்தினது தொறந்துக்குச்சு. கொண்டி போடலாம்னு பாத்தா, கொண்டி இருந்த எடத்துல ரெண்டு ஆணி ஓட்டைதான் இருந்துது. காலையிலிருந்து அடக்கிட்டு வந்தவ என்ன பண்ணுவா? ஒரு கையில கதவ இழுத்துப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா.

அப்பிடி உக்காந்ததும், பல்லடத்து ஊடு அப்பிடியே கண்ணுல வந்துருச்சு. அப்பன் பாக்காம விட்டது இதத்தான். கெணறு இருந்துது, எருமை இருந்துது, பொம்பளைங்க போறதுக்கு நாலு செவுரு இல்ல. மூணு வருசம். பொழுதெறங்கற வரைக்கும் தண்ணி குடிக்காம இருந்தா. சித்ரகலா வயித்துல இருந்தப்பவும் அதேதான். அப்பறம் கம்பெனிக்கு வேலைக்குப் போனதே, அங்க தாழ்ப்பாள் போட்ட கக்கூசு இருக்குதுன்னுதான். இத அவ வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. மகளுக்கு மட்டும் ஒருக்கா, வயசுக்கு வந்த புதுசுல சொன்னா.

கண்ணத் தொடச்சுட்டுக் கதவப் பாத்தா. ஆணி ஓட்டைக்கு நேர் கீழ, துளியூண்டு செவப்பு. அம்புக்குறி. மேல காட்டுது.

அவ கம்பெனி அம்பு ஸ்டிக்கரு. தூத்துக்குடியில கக்கூசுக் கதவுல அது எப்பிடி வந்துது? விரல வச்சுத் தடவினா. ஸ்டிக்கரோட வாலு துளி மடிச்சிருந்துது. நகம் வச்சாப் பட்டுன்னு பிச்சுக்கலாம். ஆயிரம் பேரு ஒட்டினாலும் வால மடிச்சு ஒட்டறவ அவ டேபிள்ல ஒருத்திதான் இருந்தா. பன்னெண்டாவது லீவுல பக்கத்துல நின்னவ.

ஒரு கையில கதவப் புடிச்சபடியே குழந்தையம்மா எல்லாத்தையும் வரிசையா எடுத்துக் கோத்தா. பாலத்துக்குக் கீழ லெஃப்ட்டு. கால் கழுவற கொழாய். குனிஞ்ச தலை. ஆனி மாசம் மதுரையில பிரண்டு கல்யாணம்னு சொல்லிட்டுப் போனது. அடக் கள்ளி.

வெளிய வந்தா. விரல் நுனியில ஸ்டிக்கர் ஒட்டியிருந்துது. மக முன்னாடி நீட்டினா.

"இது யாரு ஒட்டினது?"

சித்ரகலா மெதுவா, "நான்தானுங்ம்மா"ன்னா.

"எத்தன ஒட்டின?"

"பதினேழு. அது ஒண்ணுதான் மிச்சம். தச்சு வேலைக்காரரு வர்றேன் வர்றேன்னு வரலீங்ளாமா."

"எங்கிட்டச் சொல்லாம இந்த ஊட்டுக்கு வந்து, தின்னு கொண்டாடிட்டு..."

"எங்க திங்க?" மூக்கம்மா குறுக்க வந்தாங்க. இப்ப அவங்களுக்கும் கோவம். "மீன் கொழம்பு வச்சு, ரசம் வச்சு, நான் பட்ட பாடு! ஒரு வாய் தண்ணி குடிக்கல மதினி உங்க மக. 'எங்கம்மா வந்து கை நனைச்சப் பொறவுதான்'னுட்டா. வீடு பூரா செவப்புப் பொட்டா ஒட்டிட்டு, பசியோட பஸ்ஸேறிப் போனா. என் வீட்டுக்கு வந்து எங்குறையச் சொல்லிட்டுப் பட்டினியாப் போறாளேன்னு எனக்கு அன்னைக்குப் பூரா அழுகை."

குழந்தையம்மா மகளத் தலையிலிருந்து கால் வரைக்கும் பாத்தா, பீசப் பாக்கற மாதிரி.

அப்பறம் ஜெயபாண்டி பக்கம் திரும்பினா. "தம்பி, ஞாயித்துக்கெழம ஆணிக்கடை தொறந்திருக்குங்களா?"

"பாதி ஷட்டர் போட்டிருப்பான்த்த."

"ஒரு கொண்டி வாங்கிட்டு வாங்க. இரும்புல. தகரத்துல வேண்டாம்."

அவன் பைக் எடுத்த சத்தம் சந்து முனை போயி அடங்கறதுக்குள்ள, கந்தவேலு சட்டப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டாரு. காலையிலிருந்து அவருக்கு இப்பத்தான் ஒரு வேலை. கொண்டி வந்துது. நாலு ஸ்க்ரூ, பத்து நிமிசம். குழந்தையம்மா உள்ள போயி, கதவச் சாத்தி, தாழ் போட்டா. 'டக்'. எடுத்தா. மறுக்கா போட்டா. தோள வச்சு ஒரு இடி இடிச்சா. கதவு அசையல. மறுபடி ஒரு இடி.

"கதவு வெளிய வந்துரப் போவுது மதினி"ன்னாங்க மூக்கம்மா வெளியிலிருந்து.

தொறந்துட்டு வந்தா. கதவு சரியாப் போச்சு. விரல்ல இருந்த ஸ்டிக்கர எங்க போடறது? மகளோட தோள்ல ஒட்டி, ரெண்டு தட்டுத் தட்டினா. "மதுரைக் கல்யாணத்துக்கு இது. ஊட்டுக்குப் போற வரைக்கும் பிச்சீன்னா பாத்துக்க."

தொட்டியில தண்ணி மோந்து கையக் கழுவினா. முழங்கை வரைக்கும் கழுவினா. கூடத்துல பாய்ல போயி உக்காந்து, புருசனையும் கலீலையும் பக்கத்துல உக்காரச் சொன்னா.

"ஏனுங் சம்மந்தி"ன்னா சமையக்கட்டப் பாத்து. "எலையப் போடுங்."

மூக்கம்மா ஓடி வந்தாங்க. சோறு, சாம்பாரு, அப்பளம், பாயசம், கடைசியா வடை. குழந்தையம்மா வடைய எடுத்தா. எல்லாரும் அவளையே பாத்துட்டு இருந்தாங்க.

திருப்பிப் பாத்தா. அடிப்பக்கம் லேசாக் கருகியிருந்துது. ஒண்ணும் சொல்லாம வாயில போட்டுக்கிட்டா.